நடுவில் இறங்கிய ஊர்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துவைப்பதையும் பிழிவதையும் உலர்த்துவதையும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும். மடிக்க மட்டும் ஆள் வேண்டும். ஒரு நீள மேசை, ஒரு முனைக்கு ஒருத்தி. எதிர்முனையில் ஆட்கள் வருவார்கள், போவார்கள். இந்த முனையில் இருபத்தெட்டு வருஷம் அவள்தான் நின்றாள். படுக்கை விரிப்பின் இரண்டு மூலையைப் பிடித்து ஒரு உதறு உதறினால் போதும், சுருக்கம் எல்லாம் பயந்து ஓடிவிடும் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள்.

அவள் வீட்டுக்காரர் தொலைதூர பஸ் ஓட்டுநர். டிப்போவில் அவருக்கு மீட்டர் என்று பெயர். எந்த ஊரைச் சொன்னாலும் அதன் அழகு, அருமை எதுவும் சொல்ல மாட்டார். எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம், அவ்வளவுதான். கல்யாணம் பேச வந்த அன்றைக்கே மாமனாரிடம், "எங்க வீட்டுல இருந்து உங்க வீடு சரியா பதினெட்டு கிலோமீட்டர்ங்க" என்று ஆரம்பித்தவர். உள்ளே இருந்த பெண்ணுக்கு, மாப்பிள்ளைக்கு ஏதாவது மறை கழண்டிருக்குமோ என்று சந்தேகமே வந்துவிட்டது. அப்புறம் முப்பத்தைந்து வருஷம் அந்த மனுஷனோடு அவள் சந்தோஷமாகவே இருந்தாள்.

பிள்ளைகள் இரண்டு பேர். மகள் பக்கத்துத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டு, கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். மகன் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் தொழில் கற்றுக்கொண்டு கடல் கடந்து போனான். போனவன் ஒன்பது வருஷமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. வர மனசில்லாமல் இல்லை. அந்த நாட்டில் தங்குவதற்கான அவன் அனுமதி இழுபறியில் கிடந்தது. தீர்ப்பு வரும்வரை அவன் அங்கேயே இருக்கலாம், வேலை பார்க்கலாம். ஆனால் எல்லையைத் தாண்டி ஒரு அடி வைத்தால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். அங்கேயே கல்யாணம் ஆகி, இரண்டு குழந்தைகளும் பிறந்துவிட்டன. பாட்டி தாத்தாவுக்குப் பேரப்பிள்ளைகள் போனுக்குள் வளர்ந்தார்கள்.

கடைசியில், அவன் வர முடியாவிட்டால் நாம் போவது என்று முடிவாயிற்று. மீட்டருக்கு ஓய்வு கொடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவளும் அந்த மாதத்தோடு வேலையிலிருந்து நின்றாள். டிக்கெட் போட்ட அன்றைக்கு மகனிடம் அவர் கேட்ட முதல் கேள்வியே தூரம்தான்.

"எவ்ளோடா?"

"பதிமூணாயிரம் கிலோமீட்டர்ப்பா. நேரா வர்ற ப்ளைட். நடுவுல எங்கயும் நிக்காது."

"எத்தனை மணி நேரம்?"

"வர்றதுக்குப் பதினாலு. திரும்பிப் போறதுக்குப் பதினஞ்சரை."

"அது எப்படிடா? போற தூரமும் வர்ற தூரமும் ஒண்ணுதானே?"

"காத்துப்பா. இங்க வரும்போது பின்னாடி இருந்து தள்ளும். போகும்போது எதிர்க்காத்து."

அவர் போனை வைத்துவிட்டு வெகு நேரம் சிரித்துக்கொண்டிருந்தார். "பாத்தியா? ஊரை விட்டுப் போறவனுக்குத்தான் காத்துகூட ஒத்தாசை பண்ணுது."

அப்புறம் நாலைந்து நாள் அவருக்கு அதே பேச்சுதான். "நம்ம வண்டியில போனா, ராத்திரி பகல் நிறுத்தாம ஓட்டினாக்கூட பதினோரு நாள் ஆகும், தெரியுமா?"

"டீ குடிக்க நிறுத்துவீங்கல்ல? அதையும் சேத்துக்கங்க" என்றாள் அவள்.

"டீக்கு நிறுத்தினா பன்னெண்டு."

"கடலுக்கு மேல டீக்கடை எங்க இருக்காம்?"

பயம் அவளுக்கு இல்லை, அவருக்குத்தான். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த மனுஷனுக்கு இன்னொருத்தன் ஓட்டும் வண்டியில் சும்மா உட்கார்ந்து வருவது பெரிய தண்டனை. "ஓட்டுறவன் மூஞ்சியைக்கூடப் பாக்காம எப்படி நம்பி ஏறுறது? தூங்கி முழிச்சவனா, வீட்ல சண்டை போட்டுட்டு வந்தவனா, ஒண்ணும் தெரியாது" என்றார். ஏறும்போது விமானிகள் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். கதவு மூடியிருந்தது.

ஆனால் இருக்கையில் உட்கார்ந்ததும் ஆள் மாறிவிட்டார். எதிரே இருந்த சின்னத் திரையில் விமானம் போகும் பாதை படமாக வந்தது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்னும் இவ்வளவு பாக்கி, இவ்வளவு உயரம், வேகம் என்று கணக்குகள் மாறிக்கொண்டே இருந்தன. சுற்றியிருந்தவர்கள் எல்லாம் சினிமா பார்க்க, அவர் மட்டும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். "தொள்ளாயிரத்துல போறான். எதிர்ல வண்டியே வராதுல்ல, அதான் தைரியம்" என்று ஓட்டுகிறவனுக்கு நற்சான்றிதழ் கொடுத்தார். சாப்பாடு வந்தது, சாப்பிட்டார். அவள் தோளில் சாய்ந்து கொஞ்ச நேரம் தூங்கவும் செய்தார்.

பாதி வழி தாண்டியதும் அவர் இடது கையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. ஒரே பக்கம் சாஞ்சு இருந்தேன்ல."

நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அந்தக் குளிரில் எப்படி வேர்க்கும்? அவள் தலைக்கு மேல் இருந்த பொத்தானை அழுத்தினாள். பணிப்பெண் வந்தாள், இன்னொருத்தி வந்தாள், ஒலிபெருக்கியில் ஏதோ அறிவித்தார்கள். பின்னாலிருந்து ஒரு டாக்டர் எழுந்து ஓடிவந்தார். மீட்டரை நடைபாதையில் படுக்க வைத்தார்கள். அவள் அவர் தலைமாட்டில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். காலடியில் தரை மெதுவாக ஒரு பக்கம் சாய்வது தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. ஒரு இருக்கையின் முதுகில் அந்தப் படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நேராகப் போன கோடு வளைந்திருந்தது.

"வண்டியைத் திருப்புறான்" என்றார். "நமக்காகவா?"

"பேசாம இருங்க."

"எல்லாரும் லேட்டாப் போவாங்களே. திட்டப் போறாங்க."

அதற்கப்புறம் அவர் பேசவில்லை. ஒரு வண்டிக்காரனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் இல்லை என்பதுபோல முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். இருக்கைகளில் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். யாரும் திட்டவில்லை. அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்தாள், அதற்குள் டாக்டர் அவளைத் தள்ளிவிட்டு அவர் நெஞ்சை அழுத்த ஆரம்பித்துவிட்டார்.

இறங்கிய ஊர் எது என்று அவளுக்குத் தெரியாது. வெளியே வெயில் கண்ணைக் கூச வைத்தது. ஆம்புலன்ஸ் விமானத்தின் பக்கத்துக்கே வந்தது. கைப்பையும் பாஸ்போர்ட்டும் மட்டும் அவளிடம் இருந்தன. பெட்டிகளை இறக்க நேரமில்லை என்று விமானம் எண்ணெய் ஊற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. அங்கே விமான நிலையத்தில் காத்திருந்த மகன் முன்னால், அப்பா அம்மாவின் இரண்டு பெட்டிகளும் சுற்றிச் சுற்றி வந்தன. அவன் அவற்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோனார்கள். அவளுக்கு வெளியே தாழ்வாரத்தில் நீல நிற நாற்காலி ஒன்று கிடைத்தது. அந்த ஊர்க்காரர்கள் பேசுவதில் ஒரு எழுத்துகூட அவளுக்குப் பிடிபடவில்லை. அவள் பேசுவதும் அவர்களுக்கு அப்படியே. விமான நிறுவனத்திலிருந்து வந்த ஒரு பெண் கையைப் பிடித்து உட்கார வைத்தாள், தண்ணீர் கொடுத்தாள், அவளுடைய போனை வாங்கி மருத்துவமனை இணையத்தோடு இணைத்துக் கொடுத்தாள். உடனே போன் அடித்தது. மகன்.

"அம்மா, அப்பா எப்படி இருக்காரு?"

"உள்ள வெச்சிருக்காங்கடா. யார்கிட்ட என்ன கேக்கறதுன்னே தெரியல."

"டாக்டர் வந்தா போனை ஸ்பீக்கர்ல போடு. நான் பேசறேன்."

மறுநாள் காலையில் டாக்டர் வந்தாள். உயரமான பெண், கண்களுக்குக் கீழே தூக்கமில்லாத கருவளையம். மடிப்பக்கா உள்ளங்கையில் போனை வைத்து நீட்டினாள். டாக்டர் குனிந்து போனைப் பார்த்துப் பேசினாள். ஆங்கிலத்தில் நிதானமாக, நிறுத்தி நிறுத்தி, வெகு நேரம் பேசினாள்.

"என்னடா சொல்றாங்க?"

"ஒண்ணும் பயப்பட வேண்டாங்கறாங்கம்மா. நல்லா பாத்துக்கறாங்களாம்."

"இவ்ளோ நேரம் பேசினாங்களே?"

"டாக்டருங்க எதையும் நீட்டி முழக்கித்தான் சொல்லுவாங்க."

அவளுக்கு உயிர் வந்தது போல இருந்தது. டாக்டரைப் பார்த்துக் கை கூப்பினாள், சிரிக்கக்கூடச் செய்தாள். டாக்டரின் முகம் மாறியது. அந்தச் சிரிப்பையே பார்த்தாள், பிறகு போனைப் பார்த்து மறுபடி பேசினாள். இந்த முறை குரலில் கண்டிப்பு இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து மகன் ஏதோ பதில் சொன்னான். கெஞ்சுவது போல இருந்தது.

மடிப்பக்காவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"டேய். அவங்க சொன்னதை அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை விடாம சொல்லு."

"அம்மா..."

"சொல்லுடா."

"மூளைக்கு ரொம்ப நேரம் ரத்தம் போகலையாம்மா. மிஷின்லதான் மூச்சு விடறாராம். இனிமே முழிக்க மாட்டாராம்." அவன் குழந்தை மாதிரி அழுதான். "என்னை எப்படிம்மா இதைச் சொல்லச் சொல்றாங்க, நான் எப்படிச் சொல்லுவேன்."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். போனை நீட்டிய கையை மடக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. டாக்டர்தான் அந்தக் கையை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவன் மறுபடி கூப்பிட்டான். அழுது ஓய்ந்த குரல்.

"நான் கிளம்பி வர்றேம்மா. இங்க இருந்து ஆறு மணி நேரம்தான். நாளைக்கு ப்ளைட் இருக்கு."

"வந்தா திரும்பிப் போக முடியுமாடா?"

"முடியாதுன்னுதான் வக்கீல் சொல்றாரு. போனா போகட்டும்."

அவன் பின்னால் ஒரு குழந்தை எதற்கோ அடம் பிடிப்பது கேட்டது. மருமகள் அதை அடக்கும் குரலும் கேட்டது. அந்தக் குரலில் வெளியே வராத ஓர் அழுகை இருந்தது. மடிப்பக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இவன் இங்கே வந்துவிட்டால் அந்த மூன்று பேரும் அங்கே. அவர்களைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டுமென்றாலும், அதற்கு எத்தனை வருஷம் ஆகுமோ.

"வராதேடா" என்றாள்.

"என்னம்மா சொல்றே?"

"அப்பா கண்ணைத் திறந்து உன்னைப் பாக்கப் போறதில்லை. எனக்காகன்னா, நான் சமாளிச்சுக்குவேன். நீ உன் பிள்ளைங்களைப் பாரு."

"நிஜமாத்தான் சொல்றியா?"

"நிஜமாத்தான்."

அந்தப் பக்கத்தில் அவன் ஒரு பெருமூச்சு விட்டான். நீளமாக, அடிவயிற்றிலிருந்து வந்த மூச்சு. சுமையை இறக்கி வைத்தவன் விடும் மூச்சு அது. அவன் அதை விட்டது அவனுக்கே தெரிந்திருக்காது. அவள் காதில் அது விழுந்தது.

"சரிம்மா" என்றான்.

வராதே என்று சொன்னது வாய்தான். அடுத்த நாள் அந்தத் தாழ்வாரத்தின் கோடியில் லிப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் அவள் தலை தானாக நிமிர்ந்தது. தள்ளுவண்டி வரும், செவிலி வருவாள், பூங்கொத்தோடு யாரோ வருவார்கள். ஆறு மணி நேரம்தானே என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். சொன்னதைக் கேட்காமல், அம்மா என்று கத்திக்கொண்டு அவன் அந்த லிப்டிலிருந்து வெளியே வந்துவிட்டால், ஏண்டா வந்தே என்று அவனை அடித்துக்கூட இருப்பாள். அவன் சொன்னபடி கேட்கிற பிள்ளை. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

தாழ்வாரத்தின் ஓரத்தில் துணி வைக்கும் அறை ஒன்று இருந்தது. அங்கே வேலை பார்த்த பெண்மணிக்கும் இவள் வயசுதான் இருக்கும், பருமனான உடம்பு. ஒற்றை ஆளாகப் பெரிய விரிப்புகளை மோவாயில் இடுக்கிக்கொண்டு மடிக்கத் திண்டாடுவதை மடிப்பக்கா இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் மனசு கேட்கவில்லை. எழுந்து போய் மறுமுனையைப் பிடித்து ஒரு உதறு உதறினாள். அந்தப் பெண்மணி கண்ணை அகல விரித்தாள், பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு வண்டித் துணியை மடித்து முடித்தார்கள். அதிலிருந்து மடிப்பக்கா தினமும் அங்கே போனாள். கணவரைப் பார்க்க உள்ளே விடுவது காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம். மற்ற நேரத்தில் கைக்கு வேலை வேண்டும். இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது.

ஆறாம் நாள் காலை ஒரு செவிலி அறை வாசலில் வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். பெண்மணி குனிந்து கீழ்த்தட்டிலிருந்து ஒரு துணியை எடுத்தாள். மற்ற விரிப்புகளைவிட நீளம், கெட்டி நெசவு, ஓரத்தில் கட்டுவதற்கு நாடாக்கள். மடிப்பக்கா இருபத்தெட்டு வருஷமாக அதே மாதிரி துணியைத் தனிக் கட்டாகப் போட்டு மடித்திருக்கிறாள். அது எதற்கு என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண்மணி அதை வண்டியில் வைத்துக்கொண்டு தள்ளினாள். வண்டி நேராகப் போய் அவருடைய அறைக்கதவு முன்னால் நின்றது.

அங்கேதான் அந்தப் பெண்மணிக்கே விஷயம் புரிந்தது. திரும்பி இவளைப் பார்த்தாள். வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். டாக்டர் வெளியே வருவதற்கு முன்னாலேயே மடிப்பக்கா அழுது முடித்துவிட்டாள். மகனுக்கு இந்த முறை மொழிபெயர்க்கும் வேலை இல்லை. "போயிட்டாருடா" என்று அவள்தான் அவனுக்குச் சொன்னாள்.

அதற்குப் பிறகு பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே அழைப்பில் வந்து சண்டை போட்டுக்கொண்டார்கள்.

"அப்பாவை இங்க கொண்டு வந்துடலாம்மா. கிட்டத்துல இருக்கறது இதுதான். நானே எல்லாம் செய்யறேன்" என்றான் மகன்.

"அதெப்படி? அவர் பொறந்த ஊரு இங்க இருக்கு, வீடு இங்க இருக்கு. இங்கதான் வரணும்" என்றாள் மகள்.

"நான் கடைசியா ஒரு தடவை பாக்க வேண்டாமா?"

"பாக்கணும்னா போயிருக்கணும். ஆறு மணி நேரத்துல இருந்துக்கிட்டு ஆறு நாளா என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?"

"அம்மாதான் வர வேண்டாம்னு சொன்னாங்க!"

"அம்மா சொல்லுவாங்க, நீ கேட்டுக்குவியா?"

"போதும்" என்றாள் மடிப்பக்கா. "வாயை மூடுங்க ரெண்டு பேரும்."

விமான நிறுவனப் பெண் மகன் மூலமாக நிலைமையை விளக்கினாள். எந்தப் பக்கம் கொண்டுபோவதானாலும் இரண்டு நாட்டு அனுமதிகளும் வாங்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். அந்த ஊரில் அவள் தங்குவதற்குக் கொடுத்த அனுமதியோ இன்னும் நாலு நாள்தான். அவரைப் பிணவறையில் விட்டுவிட்டு அவள் மட்டும் போக வேண்டியிருக்கும். தெரியாத ஊரில், ஆள் யாருமில்லாமல், அவரை அப்படி விட்டுவிட்டுப் போக அவளால் முடியாது. நான் இங்கே இருக்கும்போதே கையோடு அடக்கம் செய்துவிட்டுப் போகிறேன் என்றாள். பிள்ளைகளின் சம்மதத்தைக் கேட்கவில்லை.

ஊருக்கு வெளியே சரளைக்கல் பாவிய இடுகாடு. அவள், விமான நிறுவனப் பெண், துணி அறைப் பெண்மணி, வண்டி ஓட்டி வந்தவன், ஆக நாலு பேர். போனைத் தூக்கிப் பிடித்து இரு பிள்ளைகளுக்கும் காட்டினார்கள். பாதியில் இணைப்பு போய் மகனுக்குப் படம் உறைந்து நின்றுவிட்டது. அவன் பார்த்தது ஒரு மண்வெட்டியும் அம்மாவின் செருப்பும்தான். திரும்பப் படம் வந்தபோது எல்லாம் முடிந்து மண்ணைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

மகனிடம் வந்து கொஞ்ச நாள் இருக்கும்படி மருமகள் கெஞ்சினாள். "அத்தை, வாங்க அத்தை. பசங்க உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. இவரும் சாப்பிடறதே இல்லை." விசா இருந்தது. ஆறு மணி நேரம் முன்னால் போனால் மகன். எட்டு மணி நேரம் பின்னால் போனால் ஆளில்லாத வீடு. அவள் பின்னால் போகிறேன் என்றாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, வீட்டைப் பூட்டிப் போட்டிருக்கு என்று பதில் சொன்னாள். நேர் விமானம் கிடையாது. இரண்டு இடத்தில் மாறி, ஒருநாளைக்கு மேல் ஆயிற்று. எதிரே இருந்த திரையைப் போர்வையால் மூடிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

வீட்டில் இருப்பு கொள்ளவில்லை. ஒரு மாதத்தில் சலவைக்கூடத்துக்கே தினக்கூலியாகத் திரும்பிப் போனாள். மகள் நாளும் வந்து பார்த்துக்கொண்டாள். அண்ணனோடு அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். மகன் வாரம் ஒருமுறை அம்மாவைக் கூப்பிடுவான். என்ன சாப்பிட்டே, கால் வலி எப்படி இருக்கு, அங்கே மழையா, இங்கே வெயில். அந்த ஆறு நாளைச் சுற்றி வேலி போட்டதுபோல இரண்டு பேரும் ஒதுங்கி ஒதுங்கிப் பேசுவார்கள்.

இரண்டு வருஷம் கழித்து அவன் அனுமதி வந்தது. முதல் வேலையாக டிக்கெட் போட்டு, குடும்பத்தை அங்கே விட்டுவிட்டுத் தனியாக வந்தான். வாசலில் அவனைப் பார்த்ததும் அவளுக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. முன்மண்டையில் முடி இல்லை, அப்பாவின் தொந்தி வந்திருந்தது. கட்டிக்கொண்டு அழுதான். அவளும் அழுதாள். இரண்டு வாரம் இருந்தான். ஒழுகிய குழாயைச் சரி செய்தான், புது மெத்தை வாங்கிப் போட்டான், அம்மாவின் பழைய குளிர்சாதனப் பெட்டியைப் பிரித்து மேய்ந்து புதுசு மாதிரி ஆக்கினான். தங்கச்சி வீட்டுக்குப் போய்ப் பார்த்தான். அவள் காபி கொடுத்தாள், முகம் கொடுக்கவில்லை.

கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால், சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"அம்மா, உனக்கு என் மேல கோபமா?"

"இல்லடா. என்ன கோபம்."

"நீதானே வராதேன்னு சொன்னே."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

அதோடு விட்டிருக்கலாம். அவனால் விட முடியவில்லை. எத்தனையோ தடவை தனியாகக் கேட்டுப் பார்த்த கேள்வி போல, அது தடங்கலில்லாமல் வந்தது. "நான் வந்திருக்கணுமாம்மா?"

அவள் சொல்ல வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெரியும். இல்லடா, நீ செஞ்சதுதான் சரி. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். காதுக்குள் அந்தப் பெருமூச்சு கேட்டது.

"வந்திருக்கணும்" என்றாள்.

அவன் கை தட்டிலேயே நின்றது. கொட்டிய சொல்லை அள்ளிவிட முடியுமா? "எதுக்குக் கேட்டே, பேசாம சாப்பிடேன்" என்று என்னவோ உளறினாள். அவன் தலையை ஆட்டினான். "இல்லம்மா. கேட்டது நான்தானே" என்று எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டான். குழாய் வெகு நேரம் ஓடியது.

அடுத்த நாலு நாளும் அவன் நல்லபடியாகவே இருந்தான். கடைக்குக் கூட்டிப் போனான், அம்மாவுக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்தான். போகும் வழியில் அந்த ஊரில் இறங்கி அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று முன்பே சொல்லியிருந்தான். ஆனால் அங்கே இறங்கினால் மறு விமானத்துக்கு ஒருநாள் காத்திருக்க வேண்டும், லீவு இல்லை என்று நேர் விமானத்திலேயே போனான். அடுத்த வருஷம் எல்லோருமாகச் சேர்ந்து போவோம் என்றான். அடுத்த வருஷம் வந்தது, போயிற்று. அவனும் பேச்செடுக்கவில்லை, இவளும் கேட்கவில்லை.

வாரம் ஒருமுறை வந்த போன் மாதம் ஒருமுறை ஆயிற்று. பிறகு பிள்ளைகள் பிறந்தநாளுக்கு மட்டும் என்று ஆனது. மருமகள்தான் பேசுவாள், அவன் குரல் தூரத்தில் கேட்கும். சொன்னது பொய்யா என்று மடிப்பக்கா தன்னையே கேட்டுப் பார்த்தாள். பொய் இல்லை. சொல்லி மனசு லேசாயிற்றா என்றால் அதுவும் இல்லை.

ஒருநாள் மகள் சமையலறையில் நின்று, "நீதான் ஒரு தடவை கூப்பிடேம்மா" என்றாள். அவள் வாயிலிருந்தே அது வந்ததில் மடிப்பக்காவுக்கு ஆச்சரியம். போனை எடுத்தாள். நாலாவது முறை மணி அடித்ததும் அவனே எடுத்தான். பின்னால் ஏதோ இயந்திரத்தின் உறுமல்.

"சொல்லும்மா. என்ன, உடம்பு ஏதாவது?"

"இல்லப்பா. சும்மாதான்."

"ஒண்ணும் அவசரமில்லல்ல?"

"இல்ல."

"வேலையில இருக்கேம்மா. அப்புறம் கூப்பிடறேன்."

"சரிப்பா" என்றாள். மகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவன் கூப்பிடவில்லை. அந்த வாரமும் கூப்பிடவில்லை. போனைக் கையிலேயே வைத்திருந்து வேலை கெடுகிறது என்று சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர் கடிந்துகொண்டதால், அவள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.